நெல்லைக் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வருவோருக்கு: ஊர், தொழில், வருமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலந்தாய்வில் இடம் கிடைத்து வரும் ஆசிரியர்களும், புதிதாகப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வரும் பெற்றோரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தால் பகுதியின் சமூக, பொருளாதார நிலையையும் எழுத வேண்டியிருக்கிறது. பலர் அங்கே “பின்தங்கிய விவசாயக் கிராமம்” என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த மாவட்டத்தில் அந்த மூன்று சொல்லும் ஒருசேரப் பொருந்தும் ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்கிறார்களே, அதற்கு இங்கே எது சமம்?

நேராகச் சமமானது எதுவும் இல்லை. அங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி நிர்வாகம். பெரும்பாலான இடங்களில் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உண்டு. உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து பணம் வரும். ஊர் வசதியாக இருந்தால் பள்ளியும் வசதியாக இருக்கும். இங்கே சம்பளம், பாடநூல், சத்துணவு எல்லாம் மாநில அரசின் கணக்கு. மானூர் ஒன்றியத்து ஆசிரியருக்கும் சென்னை ஆசிரியருக்கும் ஒரே ஊதிய விகிதம்தான்.

அதனால் ஊரின் வறுமை நம் பள்ளியின் வரவு செலவில் தெரியாது. வருகைப் பதிவேட்டில் தெரியும், காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையிடம் தெரியும், பத்தாம் வகுப்பு முடித்த பெண் என்ன ஆனாள் என்பதில் தெரியும். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு நாம் கணக்கில் எடுக்கும் அலகு ஊராட்சி ஒன்றியம். பொறுப்பு வட்டாரக் கல்வி அலுவலர். இப்போதைய நெல்லை மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள்: அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, மானூர், நாங்குநேரி, பாளையங்கோட்டை, பாப்பாக்குடி, ராதாபுரம், வள்ளியூர்.

மக்கள்தொகைக்கு எந்தக் கணக்கை எடுப்பது?

கையில் இருப்பது 2011 கணக்கெடுப்புதான். அதில் திருநெல்வேலி மாவட்டத்துக்கு 30.77 லட்சம் பேர் என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் அங்கே போய்விட்டது. பழைய எண்ணை இன்றைய மாவட்டத்தின் எண்ணாக எழுதிய அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல்: 2011 அட்டவணையில் மானூர், சேரன்மகாதேவி, திசையன்விளை வட்டங்களைத் தேடினால் கிடைக்காது. அவை பின்னால் பிரிந்தவை. உங்கள் ஊரைப் பழைய தாய் வட்டத்தின் கீழ்த் தேடுங்கள். ஊர்வாரிப் பட்டியலில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் மொத்த மக்கள், ஆறு வயதுக்குட்பட்டோர், எழுத்தறிந்தோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வேலை செய்வோர் என்று தனித்தனியாக இருக்கும். மாவட்டச் சராசரியைவிட அந்த ஒற்றை வரி ஆயிரம் மடங்கு பயன்படும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புநாள் 2027 மார்ச் 1. அதுவரை பழைய எண்ணோடு உங்கள் பள்ளியின் குடியிருப்புவாரிக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாமே?

ஆமாம். 2011-இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள். மாநிலத்தில் 996, நாட்டில் 943. இதைப் படித்துவிட்டு “பெண் குழந்தையைப் போற்றும் மாவட்டம்” என்று ஒரு கட்டுரைப் போட்டியில் எழுதியிருந்தார்கள். ஆறு வயதுக்குட்பட்டோர் கணக்கைப் பார்த்தால் இங்கேயும் விகிதம் ஆயிரத்துக்குக் கீழேதான். பிறப்பில் பெண் கூடவில்லை. வளர்ந்த ஆண் ஊரில் இல்லை.

எங்கே போனார்? சென்னையில் மளிகைக் கடையும் பாத்திரக் கடையும், மும்பையில் தாராவி, கேரளத்தில் கட்டட வேலை, வளைகுடா நாடுகள், திருப்பூர். தாராவிக்கும் நெல்லைச் சீமைக்கும் உள்ள தொடர்பு நூறாண்டுக்கு மேற்பட்டது. தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்கள் வழி வந்த உறவுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளையிடம் கேட்டால் “அப்பா மெட்ராஸ்ல இருக்காவ” என்று வரும். அந்த ஒரு வரிக்குள் பல விஷயம் இருக்கிறது: பெற்றோர் கூட்டத்துக்கு வருவது அம்மா அல்லது ஆச்சி, கையெழுத்து யாருடையது, மாதாந்தரப் பணம் வருகிறதா, எப்போது வருகிறது. மாவட்டத்துக்குள் பணம் ஈட்டுவோரை மட்டும் எண்ணினால் பல வீடுகளின் கதை பாதிதான் கிடைக்கும்.

இது விவசாய மாவட்டம்தானே?

எந்தத் தண்ணீர் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

தாமிரபரணிக் கரையில், பாபநாசத்திலிருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம் என்று அணைக்கட்டுகளும் கால்வாய்களும் வரிசையாக வரும் ஊர்களில் கார், பிசானம் என இரண்டு போகம் நெல். ஜூன் தொடக்கத்தில் அணை திறந்தால் கார். வடகிழக்கு மழையை நம்பிப் பிசானம். இங்கே நிலம் உள்ளவர் வேறு, வயலில் இறங்குபவர் வேறு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துச் செழிப்பான ஊர் ஒன்றில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலி வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போயிருக்கும். பச்சை வயலைப் பார்த்து ஊரின் வளத்தை எழுதுவது இங்கே பெரிய பிசகு.

களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கம் வாழை. ஏத்தன் (நேந்திரன்) தார் கேரளத்துக்குப் போகிறது. ஒரு காற்று அடித்தால் ஆயிரம் வாழை சாயும். கடன் வாங்கிப் போட்டவன் வீட்டில் அந்த ஆண்டு பள்ளிக் கட்டணம் இராது, பிள்ளை தனியாரிலிருந்து நம் பள்ளிக்குத் திரும்பி வரும். சேர்க்கைப் பதிவேட்டில் நடுவாண்டுச் சேர்க்கை திடீரென்று கூடினால் அந்தப் பருவத்து வாழையை விசாரியுங்கள்.

நாங்குநேரி, ராதாபுரம், மானூர்ப் பக்கம் குளத்துப் பாசனமும் மானாவாரியும். குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் விவசாயி, இல்லையென்றால் நூறு நாள் வேலை, ஆடு, சீமைக்கருவேல் வெட்டு, கல் குவாரி. ஒரே ஆள் ஓராண்டுக்குள் நான்கு தொழில் செய்வார். பதிவேட்டில் ‘கூலி’ என்று ஒரே சொல்.

திசையன்விளைக்குத் தெற்கே செம்மணல் தேரியும் பனையும். பனை ஏறுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்; ஏறுகிற வீட்டில் பதநீர்க் காலத்தில் குடும்பமே பனந்தோப்பில்தான். அதற்கும் அப்பால் கூட்டப்புளி, இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று கடற்கரை ஊர்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கத்துக்கு மாறிய பரதவர் ஊர்கள் இவை. ஊர்ப் பொதுக் காரியம் எதுவானாலும் கோயில் கமிட்டியும் பங்குச் சாமியாரும் இல்லாமல் நடக்காது. மேற்கே ஐந்து மைல் தள்ளி இருக்கும் பனங்காட்டு ஊருக்கும் இந்த ஊருக்கும் தொழில், உணவு, பண்டிகை, கடன் வாங்கும் இடம் எதுவும் ஒன்றில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஒன்றியம், ஒரே சராசரி.

பீடியைப் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

பேச வேண்டியிருக்கிறது. முக்கூடல், பாப்பாக்குடி, மேலப்பாளையம், பத்தமடைப் பக்கம், அப்புறம் தென்காசி மாவட்டத்தின் கடையம், ஆலங்குளம் வரை ஊர்ப் பொருளாதாரத்தின் அடித்தளமே பெண்கள் மடியில் இருக்கும் தட்டுதான். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கி வருவார்கள். இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, கட்டுக்கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை மோசமாக இருந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்ததைக் கைக்காசு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். சுற்றியதில் சரியில்லை என்று கழிப்பதும் உண்டு.

ஊர் விவரம் திரட்டப் போகும்போது நடப்பது இது. வாசலில் கணவரிடம் “வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறார்கள்?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல சார், வீட்ல சும்மாதான் இருக்கா” என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் திண்ணையில் அந்த அம்மாள் குனிந்தபடி சுற்றிக்கொண்டிருப்பார். படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று ஏறிவிடும். பல வீடுகளில் வாரம் தவறாமல் வரும் ஒரே பணம் அதுதான். கணவரின் கொத்தனார் வேலை மழைக்கு நிற்கும், பீடி நிற்காது. எனவே பெண்களிடம் நேரே கேளுங்கள், பெண் ஆசிரியரை அனுப்பிக் கேளுங்கள்.

2011 கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலில் வேலை செய்வோரை நான்காகப் பிரித்திருப்பார்கள்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், மற்றவர். பீடி பெரும்பாலும் அந்த மூன்றாவது பத்தியில்தான் விழும். அதில் பெண்கள் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்து நின்றால் அது பீடி ஊர். பத்தமடையாக இருந்தால் கோரைப்பாய் நெய்பவர்களும் அதற்குள் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள்.

பள்ளிக்கு இதனால் என்ன? முதலாவது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கிடைக்கும். ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கித் தொழிற்படிப்புக்கு 25,000 வரை போகும். தாய்க்குத் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். அட்டை இல்லாமல் அடுத்தவர் பெயரிலுள்ள பீடிக்கடைப் பாஸ்புக்கில் சுற்றுகிற பெண்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்காது. படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டால் தகுதியுள்ள பிள்ளையைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. இரண்டாவது, பிள்ளைகளின் கை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைத் தடைசெய்த வேலைகளில் சேர்த்தது. இப்போது பள்ளியை விட்டு நிறுத்துவது குறைந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நூல் கட்ட, தலை மடக்க உட்காரும் ஏழாம் வகுப்புப் பிள்ளை இன்னும் உண்டு. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்ததற்குக் காரணம் கேட்டால் வாயைத் திறக்காது. மூன்றாவது, புகையிலைத் தூசி. தட்டுக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து வளர்ந்த பிள்ளைக்கு இருமல் இருந்தால் பள்ளி மருத்துவப் பரிசோதனையில் அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையம், காற்றாலை, மகேந்திரகிரி இஸ்ரோ மையம் எல்லாம் இருக்கிறதே, ராதாபுரம் பக்கம் பணக்காரப் பகுதிதானே?

மின்சாரம் அங்கே பிறக்கிறது, சம்பளம் அங்கே தங்குவதில்லை. கூடங்குளத்தில் முதல் உலை 2013-இல் மின்கட்டமைப்போடு இணைந்தது. அடுத்தடுத்த உலைகளின் கட்டுமானம் நடக்கிறது. நிரந்தரப் பணியாளர்கள் பெரும்பாலும் குடியிருப்பு வளாகத்திலும் நகரத்திலும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் வளாகப் பள்ளியில். கிராமத்துக்கு வருவது ஒப்பந்தக் கூலியும் லாரி ஓட்டமும் டீக்கடை வியாபாரமும். காற்றாலையும் அப்படித்தான்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, ராதாபுரம் வரை காத்தாடிகளைச் சுழற்றுகிறது. நிலம் விற்றவருக்கு ஒருமுறைப் பணம், பிறகு ஒன்றிரண்டு காவல் வேலை.

ஒன்றியச் சராசரியில் அந்தப் பெரிய சம்பளங்களும் சேர்ந்துவிடும் என்பதால், பக்கத்துக் கடற்கரை ஊரின் பள்ளிக்குச் சராசரியைக் காட்டி உதவி கேட்கப் போனால் எதிராகவே முடியும்.

குடும்ப வருமானத்தை எதை வைத்துக் கணிப்பது? வருமானச் சான்று போதாதா?

சான்றிதழ் சலுகைக்கு உதவும், கணிப்புக்கு உதவாது. 72,000 ரூபாய் என்ற எண்ணை அதில் அடிக்கடி பார்ப்பீர்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு நெடுநாள் அதுதான் வரம்பு. பிறகுதான் 1,20,000 ஆனது. வரம்பு எங்கேயோ வருமானமும் அங்கே வந்து நின்றுகொள்ளும்.

ரேஷன் அட்டையும் முழுத் துணை செய்யாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் அட்டை உண்டு. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை மட்டும் உண்மையான வறுமையை ஓரளவு காட்டும். மகளிர் உரிமைத் தொகை வாங்கும் வீடு என்றால், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதித்திருக்கிறார்கள். அந்த வலை மிகப் பெரியது.

என் கணிப்பில், கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சொந்த நிலமா, பாட்டமா (குத்தகையா), கூலியா? எத்தனை மாதம் வேலை இருக்கிறது? வெளியூரில் யாராவது இருக்கிறார்களா? மகளிர் குழுக் கடன் எத்தனை ஓடுகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தயங்கித்தான் வரும். வாரத்துக்கு மூன்று நான்கு இடத்தில் தவணை கட்டுகிற வீடு, ஓட்டுவீடு காங்கிரீட் ஆகியிருந்தாலும் இடுக்கில்தான் இருக்கிறது. நகை அடகில் இருக்கிறதா என்று நேராகக் கேட்காதீர்கள். உங்களைக் கூட்டுறவு வங்கியிலிருந்து வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பக்கம் அரசுப் பள்ளியைவிட உதவிபெறும் பள்ளிகளையே அதிகம் பார்க்கிறேனே, ஏன்?

வரலாறு அப்படி. ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார்; கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து ஐம்பதாண்டு அங்கேயே இருந்தார். ஊருக்கு ஒரு சர்ச், சர்ச்சுக்கு ஒரு பள்ளி என்று மிஷனரிகள் போட்ட பாதையில்தான் இன்றும் சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளிகளும் கத்தோலிக்கப் பள்ளிகளும் நிற்கின்றன. இந்துக்களும் இஸ்லாமியரும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. மாவட்டத்தின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைத் தாண்டியதில் இவற்றுக்குப் பெரும் பங்கு. பனையேறிகளின் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட தெருக்களின் பிள்ளைகளும் முதலில் சிலேட்டுப் பிடித்தது பெரும்பாலும் இங்கேதான்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு விளைவு உண்டு. உதவிபெறும் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே தெருவில், ஒரே கூலியில் வாழ்கிறவர்கள், சலுகை ஒன்றல்ல. காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முதலில் வந்தது. கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் விரிந்தது. கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாத உதவி தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் தொடங்கி, உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியருக்குப் பின்னர்தான் வந்தது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவருக்கே. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்று பெற்றோர் கேட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள். எங்கள் நிர்வாகத்துக்குச் சேர்க்கை குறையுமே என்று மறைப்பது நியாயமில்லை.

சாதி விவரத்தை எப்படித் திரட்டுவது, எங்கே எழுதுவது?

உதவித்தொகைக்கும் கல்வி மேலாண்மைத் தகவல் பதிவுக்கும் தேவையான அளவு, சான்றிதழைப் பார்த்து, ஒருவர் மட்டும். வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துக் கணக்கெடுப்பது கூடவே கூடாது, இன்னும் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவருடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் அடையாளம் இவற்றைத் தடுப்பதிலிருந்து பள்ளிப் பெயரில் சாதி ஒட்டு நீக்குவது வரை அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது.

ஊர் விவரத்தில் எழுத வேண்டியது தெருக்கள். எந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருவதில்லை, சத்துணவு சமைப்பவர் யார், அதனால் சாப்பிடாமல் இருப்பவர் உண்டா? இவை சாதியைப் பெயர் சொல்லாமலே காட்டிவிடும்.

மலைமேல் இருப்பவர்கள்?

காணி மக்கள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், பாபநாசம், சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி பக்கம் சிறு சிறு குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மாவட்டக் கணக்கில் பழங்குடியினர் ஒரு விழுக்காடுகூட இல்லை என்பதால் சராசரியில் அவர்கள் காணாமலே போய்விடுவார்கள். மாஞ்சோலைக் கதை வேறு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டத்தை நிறுவனம் முன்கூட்டியே மூட முடிவெடுத்து, 2024-இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. தலைமுறைகளாக மேலே இருந்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அடிவார ஊர்ப் பள்ளியில் அங்கிருந்து வந்து சேர்ந்த பிள்ளை இருந்தால், முகவரிச் சான்று கேட்டு அலைக்கழிக்காதீர்கள்.

எந்தெந்த மாதம் வருகை குறையும்?

ஊருக்கு ஊர் வேறு. நடவு, அறுவடையில் அம்மா வயலுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்பாள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்க் குடில் போட்டுத் தங்குவார்கள். அந்த வாரம் தேர்வு வைக்காதீர்கள். கோயில் கொடை விழா என்றால் இரண்டு மூன்று நாள் வகுப்பு வெறிச்சோடும், மறுநாள் வந்தாலும் தூங்கி வழியும். கடற்கரையில், விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. பள்ளி திறக்கிற நேரம் வீட்டில் காசு இராது. நோட்டு, பை வாங்கிவரச் சொல்வதை ஜூலைக்குத் தள்ளுங்கள்.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறதே, தனியார் வேன்தான் காரணமா?

வேனும் காரணம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்று 2019–21 குடும்பநல ஆய்வு சொல்கிறது. மக்கள்தொகை நிலைத்து நிற்க 2.1 வேண்டும். இளம் தம்பதி சென்னைக்கும் கோவைக்கும் போய்விட, பிள்ளை அங்கேயே பிறக்கிறது. அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தால் இன்னும் மூன்றாண்டில் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஊரில் ஆறு பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால், சேர்க்கைப் பேரணி எத்தனை நடத்தினாலும் ஏழாவது பிள்ளை வராது. இந்த உண்மையை அலுவலகத்துக்கு எண்ணோடு எழுதிக் கொடுப்பது தலைமையாசிரியரைக் குறைசொல்லிலிருந்து காப்பாற்றும்.

திரட்டிய விவரத்தை யாரிடம் காட்டுவது?

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பெண்கள் பாதிக்குக் குறையக்கூடாது. கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் நூறு நாள் வேலைக்காரர் வரமாட்டார், பீடிக்கடையில் கணக்கு ஒப்படைக்கிற நாளில் வைத்தால் பாதிப் பெண்கள் வரமாட்டார்கள். அவர்களிடமே நாளும் நேரமும் கேளுங்கள். வாசித்துக் காட்டும்போது தனிக் குடும்பத்தின் பெயரோ கடனோ வெளியே வரக்கூடாது. தெருவாரியான தொகை மட்டும் போதும். தவறாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துவார்கள்: “எங்க தெருவுல பனை ஏறுதவங்க யாரும் இல்ல டீச்சர், எல்லாரும் இப்ப ஏர்வாடிப் பக்கம் வாழை வெட்டப் போறாவ.” அதற்குப் பிறகு கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஆண்டுக்கு ஆறு நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேருந்து நேரம், கழிப்பறைத் தண்ணீர், அங்கன்வாடிக் கட்டடம் போன்றவற்றை அங்கே தீர்மானமாகப் பதிய வைத்து, நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.